வீட்டு வாசலில் இருட்டு, அயோவாவின் மேலே கிரகணம்: ஒரு ரேடியோ பதிவின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

2024 ஏப்ரல் 8 அன்று முழு சூரிய கிரகணத்தின் நிழல் மெக்சிகோவின் பசிபிக் கரையில் தரையேறி, டெக்சஸ், ஆர்கன்சா, இந்தியானா, ஒஹாயோ வழியாக வடகிழக்கே ஓடி, கனடாவின் அட்லாண்டிக் கரையைத் தாண்டிக் கடலுக்குப் போனது. கோடிக்கணக்கானோர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், ஹாம் ரேடியோ ஆர்வலர்கள் (பொழுதுபோக்காக ரேடியோ நிலையம் நடத்துபவர்கள்) சிலர் வானத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூன்று பேர் கொண்ட ஒரு சிறு குழுவின் வேலை இது. ஒருவர் ஓய்வுபெற்ற ரேடியோ பொறியாளர். வீடு ஒஹாயோவின் ஏரிக்கரையில், முழு கிரகணப் பாதைக்குள். இரண்டாமவர் மென்பொருள்காரர்; புளோரிடாவின் மேற்குக் கரையில் இருப்பவர், அவருக்குக் கிடைத்தது பகுதி கிரகணம்தான். மூன்றாமவர் இயற்பியல் மாணவி; கணக்கும் தரவும் அவர் பொறுப்பு. மூவரின் குறிப்பேடு, ஒலிப்பதிவு, தங்களுக்குள் அனுப்பிக்கொண்ட செய்திகள் ஆகியவற்றை வைத்து இதைத் தொகுத்திருக்கிறேன்.

அவர்கள் பார்க்க நினைத்தது அயனமண்டலத்தை. சூரியனின் புற ஊதா கதிரும் எக்ஸ் கதிரும் மேல் வளிமண்டலத்தின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெடுப்பதால் உருவாகும் பகுதி அது. சுமார் 60 முதல் 90 கி.மீ. வரை டி அடுக்கு, 110 கி.மீ. அளவில் இ அடுக்கு, அதற்கும் மேலே 250-லிருந்து 350 கி.மீ. வரை அடர்த்தி உச்சம் கொண்ட எஃப்2 அடுக்கு. சிற்றலை ரேடியோ நெடுந்தூரம் போவது எஃப்2 திருப்பி அனுப்புவதால். பகலில் தாழ்ந்த அலைவெண்கள் செத்துப்போவது டி அடுக்கு விழுங்குவதால்.

கிரகணத்தில் கதிர் நின்றால் எலக்ட்ரான்கள் அயனிகளோடு மீண்டும் சேர்ந்து குறைய வேண்டும். டி, இ அடுக்குகளில் மூலக்கூறு அயனிகள் அதிகம், அதனால் அது சில நிமிடங்களில் நடந்துவிடும். எஃப்2 அடுக்கில் இருப்பது பெரும்பாலும் ஆக்சிஜன் அணு அயனி. அது எலக்ட்ரானோடு நேரடியாக எளிதில் சேராது. முதலில் நைட்ரஜன் அல்லது ஆக்சிஜன் மூலக்கூறோடு மோதி, தன் மின்னூட்டத்தை மூலக்கூறு அயனிக்கு மாற்றிவிட வேண்டும். அந்த உயரத்தில் மூலக்கூறுகள் குறைவு என்பதால் தாமதம். ஆக, கிரகணம் உச்சத்துக்கு வந்து சில நிமிடங்களோ சில பத்து நிமிடங்களோ கழிந்த பின்புதான் எஃப்2 அடுக்கு தன் கீழ்நிலையைத் தொடும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். முழு கிரகணத்திலும் மேலே முழு இரவு வருவதில்லை. நிலா மறைப்பது சூரியத் தட்டைத்தான். அதைச் சுற்றியுள்ள கொரோனா புற ஊதா கடைக்கோடியிலும் எக்ஸ் கதிரிலும் பிரகாசமானது, அது வெளியே தெரிந்துகொண்டேதான் இருக்கும். அயனியாக்கும் கதிரில் பத்தில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் மேல், எஞ்சியிருக்கும்.

இது பழைய கேள்வி. 1927 கிரகணத்தின்போது இங்கிலாந்தில் இயற்பியலாளர் ஆப்பிள்டன், அயனமண்டல அடுக்கின் உயரம் மாறுவதை அளந்தார். 1932 ஆகஸ்ட் 31 கிரகணத்தில் வட அமெரிக்காவில் நடந்த அளவீடுகள், அடுக்குகளை உருவாக்குவது முக்கியமாக ஒளிதான், சூரியனிலிருந்து வரும் துகள்கள் அல்ல என்பதைக் காட்டின. துகள்கள் ஒளியைவிட மெதுவாக வருபவை. அவைதான் காரணம் என்றால் அவற்றின் நிழல் வேறு நேரத்தில், வேறு இடத்தில் விழ வேண்டும், அப்படி விழவில்லை. நேரத்தைச் சரியாகக் குறித்து வைத்ததால் கிடைத்த விடை அது. இந்தக் குழுவின் கதையும் கடைசியில் நேரக் கணக்கில்தான் வந்து நிற்கிறது.

## எதைக் கேட்பது

கேட்பதற்குத் தேர்ந்தெடுத்தது டபிள்யூடபிள்யூவி. கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸிலிருந்து இரவு பகல் பாராமல் நேரம் ஒலிபரப்பும் நிலையம். 2.5, 5, 10, 15, 20, 25 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. அதன் அலைவெண்ணை அணுக்கடிகாரம் கட்டுப்படுத்துகிறது. அனுப்பும் இடத்தில் அலைவெண் அசையாது என்பதால், வாங்கும் இடத்தில் அசைந்தால் வழியில் ஏதோ நகர்ந்திருக்கிறது என்று பொருள். அடுக்கு மேலே ஏறினால் அலை போகும் பாதை நீளும், அலைவெண் கொஞ்சம் குறையும். இறங்கினால் கூடும். இது டாப்ளர் விளைவு. 20 மெகாஹெர்ட்ஸில் பாதையின் நீளம் நொடிக்கு 15 மீட்டர் வீதம் மாறினால் 1 ஹெர்ட்ஸ் விலகல் வரும்.

சமிக்ஞையின் பலத்தை மட்டும் குறித்தால் போதாதா என்று மென்பொருள்காரர் கேட்டார். போதாது என்றார் பொறியாளர். பலம் ஏறி இறங்க நூறு காரணம் உண்டு: ஆன்டெனா, பக்கத்து வீட்டு மின் இரைச்சல், ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் வரும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வது. அலைவெண் விலகலுக்குக் காரணங்கள் குறைவு. பலத்தையும் பதிந்தார்கள், ஆனால் அதை இரண்டாம் சாட்சியாகத்தான் வைத்தார்கள். சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

## எந்த அலைவெண், எந்த இடம்

இந்த நிகழ்வில் அதிகம் கற்க வேண்டிய பகுதி இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

ரிசீவர் அதன் தலைக்கு மேலிருக்கும் வானத்தை அளப்பதில்லை. அலை எங்கே திரும்புகிறதோ அந்த இடத்தைத்தான் அளக்கிறது. ஒரே தாவலில், அதாவது மேலே ஒரே முறை திரும்பி, வரும் அலை, அனுப்பும் இடத்துக்கும் வாங்கும் இடத்துக்கும் ஏறக்குறைய நடுவில் திரும்பும். மாணவி உலக உருண்டையின் மேல் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒஹாயோ பாதையின் நடுப்புள்ளி அயோவாவின் மேலே விழுந்தது. அங்கே முழு கிரகணமே இல்லை, 80 சதவீதத்தை ஒட்டிய மறைப்புதான். புளோரிடா பாதையின் நடுப்புள்ளியோ ஆர்கன்சாவின் மேல், முழு கிரகணப் பட்டைக்குள் விழுந்தது. பட்டையின் அகலம் அங்கே 190 கி.மீ. அளவு.

அதாவது, முழு இருட்டுக்குள் நிற்கப்போகிறவரின் ரிசீவர் பகுதி கிரகணத்தை அளக்கும். பகுதி கிரகணம் மட்டும் பார்க்கப்போகிறவரின் ரிசீவர் முழு கிரகணத்தை அளக்கும். மென்பொருள்காரர் முதலில் இதை நம்பவில்லை. வரைபடத்தில் கோடு இழுத்துக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

அப்புறம் அலைவெண். பலரும் 10 மெகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பகலிலும் இரவிலும் கிடைக்கும் என்பதால். இவர்களும் அதில்தான் தொடங்கினார்கள். ஆனால் புளோரிடா பாதை சுமார் 2,500 கி.மீ. அந்தத் தூரத்தை ஒரே தாவலில் கடக்க அலை மிகத் தாழ்ந்த கோணத்தில், அடிவானத்திலிருந்து 7 பாகை போல, கிளம்ப வேண்டும். நண்பகலில் அவ்வளவு சாய்வாகப் போகும் 10 மெகாஹெர்ட்ஸ் அலையை இ அடுக்கே கீழே திருப்பிவிடும், எஃப்2 வரை விடாது. அதனால் பகலில் 10 மெகாஹெர்ட்ஸ் பெரும்பாலும் செங்குத்தான கோணத்தில், இரண்டு தாவலாக வந்து சேரும். இரண்டு தாவல் என்றால் எஃப்2 திருப்பும் இடங்கள் கான்சஸ் மேலும் தெற்கு அலபாமா மேலும். ஆர்கன்சாவில் அலை தரையில் பட்டுத் தெறிக்கும், அவ்வளவுதான். நடுப்புள்ளியில் முழு கிரகணம் என்று மகிழ்ந்தவர்கள் உண்மையில் இரண்டு பகுதி கிரகணங்களின் கலவையை அளந்திருப்பார்கள்.

20 மெகாஹெர்ட்ஸ் அப்படியல்ல. அந்தச் சாய்விலும் இ அடுக்கைத் துளைத்துக்கொண்டு எஃப்2 போய், ஒரே தாவலில் வந்துவிடும். 2024-ல் சூரியன் தன் சுழற்சியின் உச்சத்தை ஒட்டி இருந்ததால் எஃப்2 அடுக்கு 20-ஐத் திருப்பும் அளவுக்கு அடர்த்தியாகவும் இருந்தது. கூடுதல் வசதி ஒன்று: 5, 10, 15 மெகாஹெர்ட்ஸில் ஹவாயிலிருந்து டபிள்யூடபிள்யூவிஹெச் நிலையமும் ஒலிபரப்புகிறது, இரண்டும் கலந்தால் எது எதுவென்று பிரிப்பது தலைவலி. 20-ல் ஹவாய் இல்லை.

ஒரு ஆபத்தும் இருந்தது. கிரகணத்தில் எஃப்2 அடர்த்தி குறையும்போது 20 மெகாஹெர்ட்ஸைத் திருப்பும் திறன் போய், அலை விண்வெளிக்குப் போய்விடலாம். மிக முக்கியமான நிமிடங்களில் பதிவே இல்லாமல் போகும். தெரிந்தே 20-ஐ முதன்மையாக வைத்தார்கள். 10-ஐயும் 5-ஐயும் தனி ரிசீவர்களில் துணைக்கு ஓடவிட்டார்கள். எங்கே அளக்கிறோம் என்று தெரியாத தொடர்ச்சியான பதிவைவிட, இடம் தெரிந்த, நடுவில் கொஞ்சம் அறுந்த பதிவு மேல் என்பது மாணவியின் வாதம். அதை மற்ற இருவரும் ஏற்றுக்கொண்டார்கள்.

## ஒப்பீட்டு நாட்கள்

பதிவைக் கிரகணத்துக்குச் சில வாரங்கள் முன்பே தொடங்கினார்கள். ஆர்வம் குறையும் காலம் இது. திரையில் அலைவெண் விலகலைக் காட்டும் கோடு தினமும் ஒரே மாதிரி, பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் நிழல் எந்த நொடியில் எங்கே இருக்கும் என்பது வருடக்கணக்கில் முன்பே தெரியும். தெரியாதது, கிரகணம் இல்லாவிட்டால் அந்த மதியம் அயனமண்டலம் எப்படி இருந்திருக்கும் என்பது. அதைச் சாதாரண நாட்களிலிருந்துதான் ஊகிக்க முடியும்.

முதல் சிக்கல் அயனமண்டலத்தில் அல்ல, புளோரிடா அறையில் இருந்தது. அங்கே ரிசீவரின் ஆசிலேட்டர் (அலைவெண்ணை அளக்க அளவுகோலாக இருக்கும் உறுப்பு) சாதாரண ரகம். தினமும் மதியம் ஜன்னல் வழியாக வெயில் மேசை மேல் விழுந்ததும் கோடு மெல்ல நகர்ந்தது. ஏர்கண்டிஷனர் ஓடி நிற்கும்போதெல்லாம் கோட்டில் சின்ன அலை. இறங்கி ஏறும் அந்த வளைவு, கிரகணத்தில் எதிர்பார்த்த வடிவத்துக்கு ஒத்தே இருந்தது. கிரகண நாளில் மட்டும் ரிசீவரைப் போட்டிருந்தால் அறை வெப்பத்தைக் கிரகணம் என்று எழுதியிருப்பார்கள். இரண்டு இடத்திலும் ஜிபிஎஸ் கட்டுப்படுத்தும் ஆசிலேட்டர் வைப்பது என்று முடிவானது. ஒஹாயோவில் ஏற்கெனவே இருந்தது, புளோரிடாவுக்கு இரவல் வாங்கினார்கள்.

மாணவி உடனே ஒரு கேள்வி எழுப்பினார். ஜிபிஎஸ் சமிக்ஞையும் அதே அயனமண்டலம் வழியாகத்தானே வருகிறது, கிரகணத்தில் அதுவும் தடுமாறாதா? நல்ல கேள்வி, கணக்குப் போட்டார்கள். ஒரு சதுர மீட்டர் தூணில் உள்ள மொத்த எலக்ட்ரான் எண்ணிக்கையை அளக்கும் அலகு ஒன்றுக்கு ஜிபிஎஸ்ஸின் முதன்மை அலைவெண்ணில் 16 செ.மீ. தாமதம். கிரகணத்தில் அப்படி 10 அலகு குறைந்தாலும் 1.6 மீட்டர், அதாவது 5 நானோ நொடி. ஒரு மணி நேரத்தில் பரவி நடக்கும் மாற்றம் இது. அலைவெண்ணில் லட்சம் கோடியில் ஒன்றிரண்டு பங்குதான் வருகிறது. 20 மெகாஹெர்ட்ஸில் பத்தில் ஒரு ஹெர்ட்ஸை அளக்கத் தேவையான துல்லியத்தைவிட அது ஆயிரக்கணக்கான மடங்கு சிறியது. கவலையில்லை என்று விட்டுவிட்டார்கள்.

இரண்டாவது சிக்கல் சூரியன் தந்தது. மார்ச் 24 அன்று ஜி4 வகைப் பூகாந்தப் புயல், அதாவது சூரியனால் பூமியின் காந்தப்புலத்தில் எழும் கடும் குழப்பம், வீசியது. அந்த நாளின் கோடு கிழிந்த துணி மாதிரி. புயல் ஓய்ந்த பிறகும் எஃப்2 அடர்த்தி உடனே பழைய நிலைக்கு வராது. எந்தெந்த நாட்களை ஒப்பீட்டிலிருந்து நீக்குவது என்பதை, பூகாந்தக் குறியீட்டின் ஒரு வரம்பை வைத்துக் கிரகணத்துக்கு முன்பே எழுதி முடிவு செய்தார்கள். பின்னால் பார்த்துப் பிடிக்காத நாட்களை நீக்குவது என்று ஆரம்பித்தால் எந்த முடிவையும் வரவழைக்கலாம்.

இன்னொரு தாளும் எழுதி வைத்தார்கள்: கிரகண நேரக் கணிப்பு. வீட்டுக்கானது ஒன்று, நடுப்புள்ளிக்கானது ஒன்று. நடுப்புள்ளிக்கும் தரை மட்டத்தில் அல்ல, 300 கி.மீ. உயரத்தில். சூரியன் தலைக்கு நேர் மேலே இல்லாததால் நிழலும் சாய்ந்தே விழும். ஆர்கன்சாவில் அன்று சூரியன் ஏறக்குறைய 60 பாகை உயரத்தில், தென்மேற்கே. 300 கி.மீ. உயரத்தில் நிழலின் அச்சு தரையில் படும் புள்ளியிலிருந்து சுமார் 170 கி.மீ. தென்மேற்கே தள்ளி இருக்கும். நிழல் வடகிழக்கே ஓடுவதால், ஒரு ஊரின் தரை இருண்டு சில நிமிடம் கழித்துத்தான் அதற்கு நேர் மேலே உள்ள எஃப்2 இருளும். ஆர்கன்சா நடுப்புள்ளிக்குத் தரையில் உலக நேரம் 18.52-ஐ ஒட்டி, மேலே 18.55-ஐ ஒட்டி. அயோவா நடுப்புள்ளிக்குத் தரையில் 18.58, மேலே 19.02 போல. ஒஹாயோ வீட்டில் முழு இருட்டு 19.14 முதல் 19.17 வரை. புளோரிடா வீட்டில் உச்ச மறைப்பு 18.58. இந்த எண்களைத் தேதியிட்டு மூவரும் வைத்துக்கொண்டார்கள்.

## கிரகண நாள்

அன்று பூகாந்தம் அமைதியாக இருந்தது. எல்லாப் பதிவும் தானாக ஓட, மனிதர்கள் ரிசீவரைத் தொடுவதில்லை என்பது விதி.

உலக நேரம் 18 மணிக்குப் பிறகு இரண்டு இடத்திலும் 20 மெகாஹெர்ட்ஸ் கோடு பூஜ்யத்துக்குக் கீழே வளையத் தொடங்கியது. 18.40 தாண்டியதும் புளோரிடாவில் சமிக்ஞை இளைத்தது. பயந்தது போலவே 19 மணிக்குச் சற்று முன்பு கோடு மங்கி, பின்னணி இரைச்சலுக்குள் போய்விட்டது. முதன்மை ரிசீவரை 15-க்கு மாற்றலாமா என்று மென்பொருள்காரர் செய்தி அனுப்பினார். வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. மாற்றியிருந்தால், சமிக்ஞை எப்போது திரும்பி வந்தது என்ற தகவல் தொலைந்திருக்கும். அறுந்த நேரமும் ஒட்டிய நேரமும் எஃப்2 அடர்த்தியைப் பற்றிய அளவீடுகளே.

10 மெகாஹெர்ட்ஸ் அதற்கு நேர் எதிர். பலம் கூடியது, ஆனால் ஒற்றைக் கோடு இரண்டு மூன்றாகப் பிரிந்து பஞ்சு போலானது. டி அடுக்கு மெலிந்து விழுங்கும் வேலையை நிறுத்தவே, அதுவரை வராத வழிகளிலும் அலை வர ஆரம்பித்திருந்தது. 5 மெகாஹெர்ட்ஸில் அதுவரை வெறும் சீறல்தான். 18.50 போல அதற்குள்ளிருந்து நொடித் துடிப்புகள் கேட்டன. சில நிமிடங்களில் ஒவ்வொரு நிமிடத்தின் 52-வது நொடியை ஒட்டி ஆண் குரல் நேரம் சொல்வது புரியும் அளவுக்குத் தெளிந்தது. ஹவாய் நிலையம் என்றால் 45-வது நொடியில் பெண் குரல் வர வேண்டும், அது இல்லை. இரவில் மட்டுமே அந்தத் தூரத்துக்கு வரும் நிலையம் நட்டநடுப் பகலில் வந்து, நிழல் நகர்ந்ததும் சட்டென்று மறைந்தது.

ஒஹாயோவில் பொறியாளர் 19.13-க்கு ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெளியே போனார். யாராக இருந்தாலும் போயிருப்பார்கள். திரும்பி வந்து, வாசல் இருண்ட நேரத்தையும் வெளிச்சம் திரும்பிய நேரத்தையும் குறிப்பேட்டில் எழுதினார். திரையைப் பார்த்தால், அவர் வெளியே நின்ற அந்த நிமிடங்களில்தான் கோடு கீழிருந்து மேலே ஏறி பூஜ்யத்தைக் கடந்திருந்தது.

## முதல் வாசிப்பும் அது ஏன் நிற்கவில்லை என்பதும்

கோடு பூஜ்யத்தைக் கீழிருந்து கடப்பது, அடுக்கு உயர்வதை நிறுத்தி இறங்கத் தொடங்கும் தருணம். எஃப்2 தன் கீழ்நிலையைத் தொட்ட நேரம் என்று ஏறக்குறைய சொல்லலாம். அது வாசலில் இருட்டிய நிமிடத்தோடு அப்படியே பொருந்தியது. பொறியாளரின் அன்றைய மாலைச் செய்தி உற்சாகமாக இருக்கிறது: தாமதமே இல்லை, எஃப்2 உடனுக்குடன் எதிர்வினை காட்டியிருக்கிறது, பாடப்புத்தகம் சொல்வது இங்கே ஒத்துவரவில்லை.

முன்பே எழுதி வைத்த தாளை மாணவி எடுத்துப் போட்டார். ஒஹாயோ ரிசீவர் அளந்தது அயோவாவின் மேலே. அங்கே உச்சம் 19.02. கோடு பூஜ்யம் கடந்தது 19.15-ஐ ஒட்டி. கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான தாமதம் இருக்கிறது. அயோவாவுக்கும் ஒஹாயோ வீட்டுக்கும் இடையே நிழல் ஓட எடுத்துக்கொண்ட நேரமும் அதே அளவு என்பதால் ஒன்று மற்றதை மறைத்துவிட்டது. தற்செயல்தான், ஆனால் ஆளை நம்பவைக்கும் தற்செயல்.

புளோரிடா பதிவு இதைச் சோதிக்க உதவியது. அங்கே கோடு நடுவில் அறுந்திருந்தது. அறுந்த இடத்தின் இரு முனைகளையும் இணைத்துப் பார்த்தால் பூஜ்யம் கடந்தது 19.08-க்குப் பக்கத்தில், இரண்டு மூன்று நிமிடம் முன்னே பின்னே. வீட்டு நேரத்தை வைத்தால் ஒஹாயோவில் தாமதம் இல்லை, புளோரிடாவில் பத்து நிமிடத் தாமதம் என்று முரண்படும். நடுப்புள்ளி நேரத்தை வைத்தால் இரண்டிலும் தாமதம் ஏறக்குறைய ஒன்றே. முழு மறைப்பிலும் 80 சதவீத மறைப்பிலும் தாமதம் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, இரண்டே பாதைகள்தான், அதில் ஒன்று அறுந்தது. இருந்தாலும் முதல் வாசிப்பைக் கைவிட இது போதும். பொறியாளர் அடுத்த நாளே தன் செய்தியைத் திரும்பப் பெற்றார்.

தாள் கிரகணத்துக்குப் பிறகு எழுதப்பட்டிருந்தால் இந்த விவாதம் இவ்வளவு சீக்கிரம் முடிந்திருக்காது என்று நினைக்கிறேன். யார் எதற்காக எந்த உயரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று இன்றும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

## முடிவு சொல்லாமல் விட்டது

20 மெகாஹெர்ட்ஸ் கோட்டில் இன்னொன்றும் இருந்தது. மீண்டு வரும் பகுதியில், பெரிய வளைவின் மேல் சின்னச் சின்ன அலைகள். மென்பொருள்காரர் கண்ணில் முதலில் பட்டது இவைதான்.

கிரகணம் எழுப்பிய அலைகள் இவை என்று சொல்ல அவருக்கு ஆசை. ஆசைக்குக் காரணம் இருந்தது. நிழல் ஒலியைவிட வேகமாக ஓடுகிறது. அது குளிர்விக்கும் காற்று, படகின் முகப்பில் எழும் அலை போல வளிமண்டலத்தில் அலைகளை எழுப்பலாம் என்று சிமோனாஸ், ஹைன்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1970-ல் சொன்னார்கள். 2017 ஆகஸ்ட் 21 கிரகணத்தில் அமெரிக்கா முழுக்கப் பரவிய ஜிபிஎஸ் ரிசீவர்களின் தரவிலிருந்து அமெரிக்காவின் எம்ஐடி ஹேஸ்டாக் ஆய்வகத்தினர் அப்படிப்பட்ட முகப்பு அலைகளைத் தெளிவாகக் காட்டினார்கள். இந்த 2024 கிரகணத்துக்கும் நாசா வாலப்ஸ் தளத்திலிருந்து உச்சத்துக்கு முன்பும், உச்சத்திலும், பின்பும் ஒவ்வொன்றாக மூன்று ராக்கெட்டுகளை அனுப்பியது.

ஆனால் இவர்கள் கையில் இருந்தது இரண்டு பாதைகள். ஒரு கோடு நெளிவதைப் பார்த்து அலை எந்தத் திசையில் போகிறது, எவ்வளவு வேகத்தில் என்று சொல்ல முடியாது. அதற்கு ஒன்றையொன்று ஒட்டிய பல புள்ளிகள் வேண்டும். அதைவிட முக்கியமாக, ஒப்பீட்டு நாட்களை எடுத்துப் பார்த்தபோது அவற்றில் சிலவற்றிலும் அதே அளவு நெளிவு, அதே நேரத்தில் இருந்தது. இடிமழைப் புயலிலும் மலைக்காற்றிலும் கிளம்பி மேலேறும் வளிமண்டல ஈர்ப்பலைகள் (விண்வெளியின் ஈர்ப்பு அலைகள் அல்ல, காற்று மேலும் கீழும் ஆடும் அலைகள்) அயனமண்டலத்தைத் தினமும்தான் அசைக்கின்றன. எனவே அறிக்கையில் அந்த நெளிவுகளைப் படத்தோடு காட்டி, காரணம் பிரித்தறிய முடியவில்லை என்று ஒரு வரி எழுதினார்கள். மென்பொருள்காரருக்கு அதில் வருத்தம்தான்.

பெரிய வளைவு பற்றி அவர்களுக்குச் சந்தேகம் இல்லை. ஒப்பீட்டு நாள் எதிலும் அந்த நேரத்தில் அப்படி ஒரு இறக்கமும் ஏற்றமும் இல்லை. சூரிய அஸ்தமனத்தில் வரும் இறக்கமும் உதயத்தில் வரும் ஏற்றமும் ஒன்றரை மணி நேரத்துக்குள் அடுத்தடுத்து வந்தது போன்ற வடிவம் அது. டி அடுக்கின் கதையும் தெளிவு: 5 மெகாஹெர்ட்ஸ் வந்ததும் போனதும் நிழலைச் சில நிமிட இடைவெளியில் பின்தொடர்ந்தன. கால் மணி நேரம் பிந்திய எஃப்2-வோடு இதை ஒரே படத்தில் வைத்தபோது, ஆரம்பத்தில் சொன்ன வேதியியல் வேறுபாடு கண்ணுக்கே தெரிந்தது. என்னைக் கேட்டால் அந்த ஒரு படம்தான் இந்த வேலையின் பலன்.

பதிவுகள் அனைத்தையும், அறுந்த பகுதி, நீக்கிய நாட்கள், கணிப்புத் தாள் உட்பட, திருத்தாமல் பொதுக் களஞ்சியத்தில் போட்டார்கள். ஹாம் ரேடியோ ஆர்வலர்களையும் விண்வெளி இயற்பியலாளர்களையும் இணைக்கும் ஹாம்சை அமைப்பு இப்படிப் பலரின் பதிவுகளைச் சேர்த்துத்தான் கண்டம் முழுவதற்குமான படம் வரைகிறது. நெளிவுகளுக்கு விடை கிடைத்தால் அங்கேதான் கிடைக்கும்.

## அடுத்த முறை மாற்ற வேண்டியவை

ஒவ்வொரு அலைவெண்ணுக்கும் தனி ரிசீவர் என்பதை விட்டுவிட்டு, நிலையத்தின் எல்லா அலைவெண்களையும் ஒரே சமயத்தில் பதியும் ரிசீவர் வேண்டும் என்று மூவரும் சொல்கிறார்கள். 20 அறுந்த நேரத்தில் 15 மெகாஹெர்ட்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் இடைவெளியை ஊகிக்க வேண்டி வந்திருக்காது. அதற்காக முதன்மை ரிசீவரைத் திருப்பியிருக்கலாமே என்று யாரும் சொல்லவில்லை.

அலை எந்தக் கோணத்தில் வருகிறது என்று அளக்க இரண்டு ஆன்டெனாவாவது வேண்டும். ஒரு தாவலா இரண்டு தாவலா என்பதை இவர்கள் கணக்கில் தீர்மானித்தார்களே தவிர அளந்து பார்க்கவில்லை. கணக்கு சரியாகவே இருக்கலாம். அளவீடு இல்லை என்பது குறைதான். பக்கத்துப் பக்கத்தில் சில நூறு கி.மீ. இடைவெளியில் நான்கைந்து நண்பர்களைச் சேர்த்தால் நெளிவுகளின் திசையையும் பார்க்கலாம்.

2026 ஆகஸ்ட் 12 கிரகணம் கிரீன்லாந்து, ஐஸ்லாந்து வழியாக ஸ்பெயினுக்குப் போகிறது. அதற்கான திட்டத்தில் மாணவி ஏற்கெனவே சிவப்பு மையில் குறித்திருக்கிறார்: ஸ்பெயினில் அது அஸ்தமனத்தை ஒட்டி நடக்கிறது. அஸ்தமனமே கோட்டைக் கீழே இழுக்கும் நேரம், கிரகணத்தின் இழுப்பும் அதோடு கலந்துவிடும். சூரியன் 10 பாகை உயரத்தில் இருந்தால், 300 கி.மீ. உயரத்து நிழல் தரை நிழலிலிருந்து ஆயிரம் கி.மீ.க்கும் அப்பால் விழும். அங்கே வீட்டு வாசல் நேரத்துக்கும் மேலே நடப்பதற்கும் தொடர்பே இருக்காது. 2027 ஆகஸ்ட் 2 கிரகணம் இதைவிடச் சுலபம். வட ஆப்பிரிக்கா வழியாகப் போகிறது, எகிப்தின் லக்சரை ஒட்டி முழு மறைப்பு 6 நிமிடத்துக்கும் மேல், சூரியன் உயரத்தில். குழு 2026-ஐ ஒத்திகையாகவும் 2027-ஐ முதன்மையாகவும் வைத்துக்கொண்டிருக்கிறது. எந்த நிலையத்தைக் கேட்டால் நடுப்புள்ளி பட்டைக்குள் விழும் என்ற கணக்கு இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. ஒப்பீட்டு நாட்களுக்கான பூகாந்த வரம்பு மட்டும் பழையதே.